இடம் மாறிய இரண்டு போல்ட்டுகள்: மண்டபத்தில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி மாதம், வாடைக் காற்று தொடங்கிய வாரம். மண்டபத்தில் உள்ள என் லேத் பட்டறைக்கு ஒரு பள்ளி ஆசிரியர் போன் செய்து, "ஐயா, நைசு அரம் ஒன்று கிடைக்குமா?" என்று கேட்டார். எதற்கு என்றேன். தங்கள் தேசிய மாணவர் படைப் பிரிவில் அணிவகுப்புப் பயிற்சிக்கு வைத்திருக்கும் .303 துப்பாக்கி ஒன்றில் போல்ட் கைப்பிடி கீழே இறங்க மறுக்கிறதாம். துருவாக இருக்கும், லேசாக ராவினால் சரியாகிவிடும் என்று மாணவர்கள் சொல்கிறார்களாம்.

அரம் கொடுக்கவில்லை. பட்டறையைப் பூட்டிவிட்டு நானே கிளம்பினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத்திலும் மில்லிங் மெஷினிலும் நின்றவன் நான். இப்போது பெரும்பாலும் விசைப்படகுகளின் சாஃப்ட் வேலைதான். ஆனாலும் அந்தப் போல்ட்டின் எந்த முகத்தை அவர்கள் ராவப் போகிறார்கள் என்பதை நினைத்தபோது மனம் பதறியது.

பள்ளியில் எட்டுத் துப்பாக்கிகள் இருந்தன. எல்லாமே சுட முடியாதபடி ஆக்கப்பட்டவை. குழலில் துளை போட்டு, ஊசியை எடுத்து, மரக்கட்டையில் வெள்ளைப் பட்டை அடித்திருந்தார்கள். பட்டாலியனிலிருந்து வந்திருந்த ஹவில்தார் உடன் இருந்தார். அவருடைய அனுமதியோடு, அவர் கண் முன்னால்தான் எதையும் தொட்டேன். கோளாறு ஒன்றல்ல, இரண்டு என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. ஒரு துப்பாக்கியில் போல்ட் கடைசிக் கால் சுற்றில் இறுகி நின்றது. இன்னொன்றில் அது தாராளமாக இறங்கியது. இறங்கிய பிறகும் விரலால் அசைத்தால் ஆடியது. இரண்டாவதை யாரும் குறையாகவே எண்ணவில்லை. என் கவனம் முதலில் அதன் மேல்தான் போனது.

துப்பாக்கி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். போல்ட் என்பது கதவுத் தாழ்ப்பாள் போன்ற எஃகுத் தண்டு. முன்னே தள்ளிக் கைப்பிடியைக் கீழே மடக்கினால் குழலின் பின்வாய் அடைபடும். .303 தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 18, 19 டன். அதைப் பின்னால் வரவிடாமல் தாங்குபவை போல்ட்டின் பின்பகுதியில் இருக்கும் இரண்டு முகங்கள் மட்டுமே. இடப்புறம் ஒரு குட்டைக் காது, வலப்புறம் ஒரு நீண்ட விலா. இரண்டும் துப்பாக்கியின் உடலில், அதாவது போல்ட் ஓடும் எஃகுக் கூட்டில், வெட்டப்பட்ட தோள்களில் ஒரே சமயத்தில் சாய வேண்டும். மாணவர்கள் ராவ நினைத்தது அந்தக் காதைத்தான்.

துருவா?

துரு என்ற சந்தேகம் நியாயமானதுதான். வடகடலும் தென்கடலும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது. கச்சான் வீசினால் ஒரு பக்கத்து உப்பு, வாடை வீசினால் மறுபக்கத்து உப்பு. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தைக் காப்பாற்ற எத்தனை தலைமுறை ஆட்கள் பெயின்ட் வாளியோடு தொங்கினார்கள் என்பதை இந்தக் கரையில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகங்கள் கடற்காற்றில் எப்படி அரிபடுகின்றன என்று பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதனால்தான்.

ஆனால் இந்தத் துப்பாக்கிகளில் துரு இருந்த இடங்கள் வேறு. கட்டையும் இரும்பும் சேரும் ஓரங்கள், வார் மாட்டும் வளையங்கள், அடித்தகட்டின் திருகுகள் ஆகியவற்றில் செம்மண் நிறத்தில் படிந்திருந்தது. போல்ட்டும் அது ஓடும் பாதையும் எண்ணெயோடு சுத்தமாக இருந்தன. மண்எண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தேன். துணியில் சிவப்பு ஏறவில்லை.

குழலின் மேற்பரப்பு இன்னும் கறுப்பாக இருந்ததை மாணவர்கள் பெயின்ட் என்று நினைத்திருந்தார்கள். பெயின்ட் இல்லை. அந்தக் காலத் தொழிற்சாலைகளில் குழலுக்கு வேண்டுமென்றே துரு ஏற்றினார்கள். அமிலக் கரைசலைப் பூசி ஈரக்காற்றில் வைத்தால் மெல்லிய செந்துரு பூக்கும். பிறகு கொதிநீரில் வேகவைத்தால் அந்தச் செந்துரு காந்தக்கல்லின் கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும். கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு மறுபடியும் பூசுவார்கள், மறுபடியும் வேகவைப்பார்கள். பல முறை செய்தபின் அடர்ந்த கறுப்புத் தோல் ஒன்று எஃகின் மேல் உட்காரும். எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் தோல் அது. துருவிலிருந்தே துருவுக்கு எதிரான கவசம் செய்தவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். எழுபது எண்பது ஆண்டுகள் ஆகியும், அதுவும் நம் உப்புக் காற்றில், குழலின் முக்கால் பகுதியில் அந்தத் தோல் நின்றிருக்கிறது.

எண்கள்

துரு இல்லை என்றானதும் எண்களைப் பார்த்தேன். உடலின் முன்வளையத்தில் வலப்பக்கம் ஒரு எண் அடித்திருக்கும். அதே எண் போல்ட் கைப்பிடியின் அடியில் பின்பக்கமாகவும், பார்வைத் தகட்டிலும், முனைமூடியிலும் இருக்க வேண்டும். இறுகிய துப்பாக்கியில் உடலின் எண் ஒன்று, போல்ட்டின் எண் வேறு. ஆடிய துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தால், முதல் துப்பாக்கியின் எண் அதன் போல்ட்டில் இருந்தது.

ஆசிரியரிடம் கேட்டேன். கடற்கரையில் நடந்த முகாமுக்குப் பிறகு எட்டுத் துப்பாக்கிகளையும் ஒரே நாளில் துடைத்து எண்ணெய் போட்டிருக்கிறார்கள். போல்ட்டுகளையெல்லாம் கழற்றி ஒரே தட்டில் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே மாதிரிதானே என்று எடுத்து மாட்டியதில் இரண்டு இடம் மாறிவிட்டன. நடந்தது இவ்வளவுதான்.

போல்ட்டுகளை உரிய துப்பாக்கிகளில் மாட்டினோம். இரண்டும் சத்தமில்லாமல், வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கின.

அங்கேயே முடித்துவிட்டு வந்திருக்கலாம். ஐடிஐயில் ஃபிட்டர் பிரிவில் சேரப்போவதாகச் சொன்ன ஒரு மாணவன், "மெஷினில் செய்தால் எல்லாம் ஒரே அளவாகத்தானே சார் இருக்கும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு விடை சொல்லாமல் வர மனம் வரவில்லை. பட்டறையிலிருந்து புரூஷியன் நீலம் டப்பாவை எடுத்துவரச் சொன்னேன்.

நீலம் காட்டியது

ஃபிட்டர்களுக்கு இது அரிச்சுவடிச் சோதனை. ஒரு முகத்தில் நீலத்தை மெல்லிய படலமாகப் பூசி, எதிர்முகத்தோடு சேர்த்து அழுத்தி எடுத்தால், தொட்ட இடமெல்லாம் நீலம் ஒட்டும். தொடாத இடம் வெறுமையாக இருக்கும். போல்ட்டின் காதிலும் விலாவிலும் நீலம் பூசி, பின்பக்கம் அழுத்தம் படும்படி பிடித்து மடக்கிப் பார்த்தோம்.

இடம் மாற்றி மாட்டியபோது, இறுகிய துப்பாக்கியில் நீலம் இடக்காதில் மட்டும் ஒட்டியது. வலது விலா தோளைத் தொடவே இல்லை. ஆடிய துப்பாக்கியில் வலது விலாவின் ஒரு மூலையில் நெல் அளவுக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். சொந்த உடலில் மாட்டியபோது இரண்டு போல்ட்டுகளிலும் இரு பக்கமும் நீலம் பரவலாக ஒட்டியது. சுடும் துப்பாக்கியாக இருந்து, ஒரு பக்கக் காது மட்டும் சுமை தாங்கியிருந்தால், ஒவ்வொரு வெடிக்கும் உடல் ஒருபுறமாக முறுகும். குறி தவறும். நாளடைவில் அந்தக் காதே தேய்ந்து இடம் கொடுக்கும்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

ஒரு துப்பாக்கியின் பாகத்தை இன்னொன்றில் அப்படியே மாட்ட முடியும் என்பது 19ஆம் நூற்றாண்டின் பெரிய கனவு. 1851இல் லண்டன் கண்காட்சியில், அமெரிக்காவின் வெர்மான்ட்டைச் சேர்ந்த ராபின்ஸ் அண்ட் லாரன்ஸ் நிறுவனம் பாகங்களை மாற்றி மாட்டக்கூடிய துப்பாக்கிகளைக் காட்டியது. ஆங்கிலேயர்கள் அதில் மனம் பறிகொடுத்தார்கள். அமெரிக்க மெஷின்களை வாங்கி இங்கிலாந்தின் என்ஃபீல்டு துப்பாக்கி ஆலையில் நிறுத்தினார்கள். அவற்றை நடத்த ஜேம்ஸ் பர்ட்டன் என்ற அமெரிக்கப் பொறியாளரையும் அழைத்துக்கொண்டார்கள். எனவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து லீ-என்ஃபீல்டு, அதாவது இந்த .303 துப்பாக்கியின் குடும்பம், வந்தபோது, அதன் திருகு, வில், விசை, மேகசின் எல்லாமே அளவுமானிகளின் காவலில் செய்யப்பட்டவை. "போ" என்ற அளவுமானி உள்ளே போக வேண்டும், "போகாதே" என்பது போகக் கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்டது மட்டுமே தேறும்.

அப்படியிருந்தும் போல்ட்டுக்கு எண் ஏன்?

உடலை எடுத்துக்கொள்வோம். காய்ச்சிய எஃகை அச்சுக்குள் வைத்து பெரிய சம்மட்டி இயந்திரத்தால் அடித்துத்தான் முதல் உருவம் வரும். பிறகு நூற்றுக்கணக்கான வெட்டுகள். ஒரு மெஷின் ஒரே ஒரு வெட்டு மட்டும் போடும். வேலைத்துண்டைப் பிடிக்கும் ஃபிக்சரும், டூலை வழிநடத்தும் ஜிக்கும் அந்த ஒரு வெட்டுக்கென்றே செய்யப்பட்டவை. அந்த மெஷினில் நிற்பவர் காலை முதல் மாலைவரை அதே வெட்டைப் போட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார். நீண்ட கூடம், உச்சியில் சுழலும் நெடுஞ்சாஃப்ட், அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் இறங்கும் தோல் பெல்ட்டுகள். எண்ணெய் வாடையும் பெல்ட் ஒலியும் நிறைந்த அந்தக் கூடங்களை நான் படங்களில்தான் பார்த்திருக்கிறேன். பெல்ட்டில் ஓடும் பழைய லேத் ஒன்றில்தான் நான் தொழில் பழகினேன் என்பதால் அந்த ஒலி மட்டும் என் காதில் இருக்கிறது.

ஒவ்வொரு வெட்டிலும் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு கூடவோ குறையவோ அனுமதி உண்டு. உடலில் கொஞ்சம், போல்ட்டில் கொஞ்சம், அதன் முன்முனையில் திருகி மாட்டும் போல்ட் தலையில் கொஞ்சம், குழலில் கொஞ்சம். தனித்தனியே எல்லாம் தேறும். சேர்த்து மாட்டும்போது அந்தச் சிறு வித்தியாசங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். போதாததற்கு, தேய்மானம் தாங்க எஃகைக் காய்ச்சிக் கடினமாக்கும்போது அது சற்றே நெளியும். இரண்டு காதுகளும் ஒரே கணத்தில் சாய வேண்டும் என்ற கட்டளையை அந்தக் கால மெஷினால் நிறைவேற்ற முடியாது. அந்த இடத்தில் மெஷின் கைவிட்ட வேலையை ஒரு ஃபிட்டர் எடுத்துக்கொண்டார். பொருந்திவரும் போல்ட்டைத் தேர்ந்து, நீலம் பூசிப் பார்த்து, எந்தக் காது முந்திக்கொண்டு தொடுகிறதோ அதை நுண்கல்லால் தடவித் தடவி, இரண்டும் சேர்ந்து சாயும்வரை விடமாட்டார். சாய்ந்தபிறகுதான் எண் அடிபடும். அந்த எண்ணைக் கணக்கு எண் என்று நினைக்கிறோம். எனக்கு அது திருமணப் பதிவு.

அதே குடும்பத்தில் அடுத்து வந்த 4ஆம் எண் ரைஃபிளில் போல்ட் தலையை 0, 1, 2, 3 என்று நான்கு நீளங்களில் செய்து வைத்தார்கள். ஒவ்வொன்றும் அடுத்ததைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான் வேறுபடும். வேண்டிய நீளத்தைத் தேர்ந்து திருகிக்கொள்ளலாம். அதிலும் போல்ட்டும் உடலும் எண்ணோடுதான் பிணைந்திருந்தன.

கத்தி விட்ட கோடுகள்

எங்கள் இரண்டு துப்பாக்கிகளும் வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இச்சாப்பூர் ஆலையில் செய்யப்பட்டவை. ஒன்றில் கிரீடமும், பேரரசர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. எழுத்துகளும், 1943 என்ற ஆண்டும் இருந்தன. மற்றதில் அசோகச் சிங்கம், இச்சாப்பூர் ரைஃபிள் ஆலையின் சுருக்கமான ஆர்.எஃப்.ஐ., 1954. நடுவில் நாடு விடுதலை பெற்றது அந்த முத்திரையில் தெரிகிறது. வடிவமோ ஒன்றேதான், 1907இல் ஏற்கப்பட்ட மாதிரியின் போர்க்கால எளிய வடிவம்.

முத்திரையைவிட எனக்குச் சுவையாக இருந்தது மேற்பரப்பு. 1943 துப்பாக்கியின் உடலில் மில்லிங் கத்தி விட்ட வளைகோடுகள் அப்படியே நிற்கின்றன. விரல் நகத்தால் தடவினால் தட்டுப்படும். போர் உச்சத்தில் இருந்த ஆண்டு. மெருகு போட நேரமில்லை. ஆனால் போல்ட் ஓடும் பாதையையும் பூட்டும் தோள்களையும் விளக்குப் பிடித்துப் பார்த்தேன். அங்கே ஒரு கோடுகூட இல்லை, கண்ணாடி. எங்கே அவசரப்படலாம், எங்கே கூடாது என்று அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது. 1954 துப்பாக்கி வெளியிலும் மெருகாக இருந்தது. அழகு என்று கேட்டால் மாணவர்கள் அதைத்தான் காட்டினார்கள். நான் 1943ஐக் காட்டினேன்.

அதில் மேகசினுக்கு முன்னால் கட்டையின் குறுக்கே ஒரு திருகு ஓடுகிறது. கட்டை பிளக்காமல் இருக்க இச்சாப்பூரில் சேர்த்த திருகு அது. ஆங்கிலேய ஆலைகளின் துப்பாக்கியில் இதைக் காண முடியாது. நம் நாட்டு வெயிலையும் மழையையும் அறிந்தவர்கள் செய்த சேர்க்கை.

கட்டையைப் பற்றி ஒரு வரி. அந்த வளைவுகளைக் கையால் செதுக்கவில்லை. 1819 வாக்கில் அமெரிக்காவின் தாமஸ் பிளான்சார்ட் செய்த நகல் லேத்தின் வழிவந்த மெஷின்கள் செய்தன. மாதிரிக் கட்டையை ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போக, அதே அசைவில் கத்தி புதுக் கட்டையைச் செதுக்கும். ராமேஸ்வரம் கடைத்தெருவில் மாற்றுச் சாவி வெட்டுபவரிடம் இருக்கும் மெஷினில் நடப்பதும் இதுவே.

குழலை நேராக்கியவர்

.303 அங்குலம் என்பது நம் பட்டறைக் கணக்கில் (அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல்) இரண்டரை நூலுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு ஒல்லியான துளையை 25 அங்குல நீளமான எஃகில் போட வேண்டும். ஒரே உதடு கொண்ட நீண்ட துரப்பணம். அதன் வழியே அழுத்தத்தோடு எண்ணெயைச் செலுத்தினால்தான் சுருள்கள் வெளியே வரும். அப்படியும் துளை எங்கோ ஓர் இடத்தில் மயிரிழை விலகும்.

அதைக் கண்டுபிடிக்க அன்று எந்தக் கருவியும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் குழலை ஜன்னலை நோக்கிப் பிடித்து உள்ளே பார்ப்பார். ஜன்னல் சட்டத்தின் நிழல் துளையின் உட்சுவரில் கோடாக விழும். துளை நேராக இருந்தால் கோடும் நேர். எங்கேனும் நெளிந்தால், நெளிந்த இடத்தில்தான் வளைவு. அந்த இடத்தை அழுத்தியில் வைத்து ஒரு தொடு தொட்டு, மறுபடியும் ஜன்னலுக்குக் கொண்டுபோவார்.

இந்தப் பகுதியைச் சொன்னபோது என் குரல் தழுதழுத்ததை மாணவர்கள் கவனித்திருப்பார்கள். கடலடிப் பாரில் தட்டி வளைந்த படகு சாஃப்டுகள் வாரத்துக்குக் குறைந்தது இரண்டு என் பட்டறைக்கு வரும். லேத்தில் இரண்டு முனையும் பிடித்து, டயல் கேஜ் வைத்து, உயர்ந்த பக்கம் சாக்பீசால் கோடு போட்டு அழுத்துவேன். ஆறடி சாஃப்டில் கடைசி நெளிவை எடுக்க அரை நாள் ஆகும். வெளியே தெரியும் வளைவுக்கே எனக்குக் கேஜ் வேண்டும். குழலுக்குள் விழும் நிழலைப் பார்த்து, அதுவும் நாளெல்லாம் குழல் குழலாகப் பார்த்து நேராக்கியவரின் கண்ணுக்கு நான் என்ன மரியாதை செய்வது?

அளவு என்ற சொல்லுக்கே இந்தத் தொழில் கொடுத்த கொடை ஒன்று உண்டு. சுவீடனின் எஸ்கில்ஸ்துனா நகரத் துப்பாக்கி ஆலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோஹான்சன், மவுசர் துப்பாக்கி செய்யும் முறையைக் காண ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபுக்குப் போனவர். அங்கே ஒவ்வொரு அளவுக்கும் தனி அளவுமானி, ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தன. சில எஃகுக் கட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியே எல்லா அளவுகளையும் கொண்டுவர முடியாதா என்று அவருக்குத் தோன்றியது. மனைவியின் தையல் மெஷினை மாற்றியமைத்து, அதில் அந்தக் கட்டைகளைத் தேய்த்து மெருகேற்றினார். 1901இல் காப்புரிமை பெற்றார். 102 கட்டைகள் கொண்ட பெட்டி, அதிலிருந்து ஏறத்தாழ 20,000 அளவுகள். இன்று ஐடிஐயில் ஸ்லிப் கேஜ் என்று பெட்டியைத் திறந்து காட்டுகிறார்களே, அது இதுதான். அந்த மாணவன் அடுத்த ஆண்டு அதைக் கையில் எடுக்கும்போது நினைத்துக்கொள்வான் என்று நம்புகிறேன்.

மீதி ஆறு

ஹவில்தார், "வந்ததுதான் வந்தீர்கள், மற்ற ஆறையும் பார்த்துவிடுங்கள் ஐயா" என்றார். ஐந்தில் எண்கள் ஒத்துப்போயின. இனிமேல் போல்ட்டுகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றையும் அதனதன் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே துணி விரித்து வைப்பது என்றும், எண்ணெய் போட்டவுடன் இருவர் எண்ணைப் படித்துச் சரிபார்ப்பது என்றும் அங்கேயே முடிவு செய்தார்கள். அரம் என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

ஆறாவது துப்பாக்கியில் போல்ட்டின் எண்ணைக் குறுக்கே ஒரு கோடு வெட்டி அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே வேறு அச்சில், சற்றே சாய்ந்த இலக்கங்களில், உடலின் எண் புதிதாகக் குத்தப்பட்டிருந்தது. என்றோ ஒருநாள் ஏதோ ஒரு படைப்பட்டறையில், பழைய போல்ட் கெட்டுப்போய் வேறொன்றை எடுத்துப் பொருத்தியிருக்கிறார்கள்.

மாணவனே நீலம் பூசினான். மடக்கினான். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். இடக்காதிலும் வலது விலாவிலும் நீலம் ஓரம்வரை சீராகப் பரவியிருந்தது. அன்று நீலம் பூசிப் பார்த்தவற்றில் இதைவிடச் சீராக ஒட்டியது வேறில்லை. அவன் அந்தச் சாய்ந்த இலக்கங்களைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, போல்ட்டைத் துடைத்து, எண்ணெய் தொட்டு, அதன் உடலிலேயே மாட்டினான்.